நாற்காலிமேல் போட்ட கோட்டு

"ரெண்டு ஜூஸும் வேண்டாம்னா தண்ணி கேக்கலாமா, மிஸ்டர் வெர்லின்?"

கேட்டவள் ஹாட்டி. ஏழு வயது. ஆல்டர் ஃபோர்க் பள்ளிப் பேருந்தில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை அவளுடையது. அன்று அவள் வகுப்பில் ஜனநாயகம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு மேசையில் ஆப்பிள் ஜூஸ், இன்னொரு மேசையில் திராட்சை ஜூஸ். எதற்கு ஓட்டு அதிகமோ அதுதான் வகுப்பு முழுவதற்கும். ஹாட்டிக்கு ஆப்பிள் ஆகாது, உடம்பில் தடிப்பு வரும். திராட்சை பிடிக்காது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "தண்ணி ஓட்டுச் சீட்டுல இல்லம்மா" என்று டீச்சர் அன்பாக விளக்கியிருக்கிறார். ஓட்டே போடாமல் இருக்கலாமா என்றதற்கு, நல்ல பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். திராட்சை வென்றது. ஹாட்டி தாகத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் வெர்லின் ஸ்டட்ஸ்மன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். குழந்தை கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிற ஆள் அல்ல அவர்.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார்.

அந்த யோசனைதான் அவரை அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட வைத்தது என்று பிற்பாடு செய்தித்தாள்கள் எழுதின. அது முழு உண்மை அல்ல. பாதிக் காரணம் ஒரு கோட்டு.

எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விருந்து என்றால், தட்டெடுக்க வரிசைக்குப் போகிறவர் தன் கோட்டை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டுப் போவார். கோட்டு இருக்கிற நாற்காலியில் கவர்னரே வந்தாலும் உட்கார மாட்டார். கோட்டுக்கு உரியவர்தான் அதை எடுக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் வெர்லினின் பேருந்து வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி, ஒரு பையனுக்குக் கை முறிந்தது. குற்றம் பனியுடையது என்று போலீஸ் சொன்னது. ஊர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வார விருந்தில் கோட்டுகள் சொல்லின. வெர்லின் ஆறிக்கொண்டிருக்கும் கோழி நூடுல்ஸ் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றார். அவர் பார்த்த பக்கமெல்லாம் நாற்காலிகளில் கோட்டு இருந்தது. சில கோட்டுகளின் சொந்தக்காரர்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது ஹார்டுவேர் கடை டுவைன் கெப்லர் எழுந்தார். கணப்புக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியிலிருந்து பழுப்புக் கோட்டை உருவினார். கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஏண்டா இவ்வளவு நேரம்? உனக்காகத்தான் இடம் பிடிச்சு வச்சிருக்கேன். உட்காரு, சோறு ஆறுது" என்றார். அன்று டுவைன் சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டார். அதைப் பற்றி அப்புறம் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசித் தீர்க்கிற கடன் அல்ல அது.

ஹாட்டி கேட்ட மறுவாரம் டுவைன் வெர்லின் வீட்டுக்கு வந்தார். பொது நன்மைக் கட்சிக்கு எங்கள் மாவட்டத்தில் டுவைன்தான் தலைவர். ஒரே உறுப்பினர் அவருடைய மைத்துனர்.

"வெர்லின், உன் பேர் வேணும்டா."

"எதுக்கு?"

"ஜனாதிபதி பதவிக்கு."

வெர்லின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "டுவைன், எனக்குத் திங்கட்கிழமை பல் டாக்டர்கிட்ட போகணும்."

"நீ ஜனாதிபதி ஆக வேண்டாம்டா. எங்க ஆள் யாருன்னு கோடையில மாநாட்டுலதான் முடிவாகும். ஆனா ஓட்டுச் சீட்டுல இடம் வேணும்னா ஜனங்ககிட்டக் கையெழுத்து வாங்கணும், அதை இப்பவே ஆரம்பிக்கணும். வேட்பாளர் பேரில்லாத தாளைச் சட்டம் ஒத்துக்காது. அதனால இப்ப ஒரு பேரைப் போட்டு வைக்கறது. மாநாடு முடிஞ்சதும் அதை எடுத்துட்டு நிஜப் பேரை வைக்கறது. எல்லாச் சின்னக் கட்சியும் பண்றதுதான். நாற்காலிமேல கோட்டு மாதிரி."

"கோட்டா?"

"வெறும் கோட்டு."

டுவைன் வேறெந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் வெர்லின் மறுத்திருப்பார்.

"சரி. அப்ப சீட்டுல மூணாவதா ஒண்ணு இருக்கும், இல்ல?"

"இருக்கும்."

"பிடிக்காதவங்களுக்குத் தண்ணி மாதிரி."

"என்ன தண்ணி?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கோ."

அவர் மனைவி லவோன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு ஹார்ன் மாத்தித் தரச் சொல்லி மூணு வருஷமா நடக்கறே. அதையே தரல. இப்ப உன்னை நம்பி ராணுவத்தையே குடுக்கப் போறாங்களாக்கும்!"

இருவரும் வெர்லினின் பிக்கப் வண்டியில் மாவட்டம் முழுக்கச் சுற்றினார்கள். டுவைன் வெர்லினைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. தினமும் காலையில் குழந்தையைக் கையசைத்து ஏற்றிவிடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் வெர்லினைத் தெரியும். பேனாவை நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். வெர்லின் விடவில்லை.

"இது பஸ் டயருக்கு இல்லக்கா. ஜனாதிபதி பதவிக்கு."

"அதுக்கும் போடறேன். டயரையும் பாரு."

கையெழுத்து வாங்குகிறவர், போடுகிற ஒவ்வொருவரும் எழுதுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. டுவைன் அதில் கண்டிப்பானவர். மழை நாளொன்றில் ஒரு பண்ணைக்காரர் தொழுவத்தில் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன், தாளை வைத்துவிட்டுப் போ என்றார். டுவைன் போகவில்லை. வைக்கோலில் மண்டியிட்டு, குட்டியின் காலைப் பிடித்து இழுக்க உதவி செய்து, அதன் பிறகு அவர் கையெழுத்துப் போடுவதைத் தாளில் மூக்குப் படுமளவுக்குக் குனிந்து பார்த்தார். பழுப்புக் கோட்டு நாறிப்போயிற்று. கழற்றி வண்டி இருக்கைக்குப் பின்னால் எறிந்தவர், அதை அங்கேயே மறந்துவிட்டார்.

"நேர்மையா ஒரு காரியம் பண்றப்ப இப்படித்தாண்டா நாறும்" என்று சிரித்தார். வெர்லினும் சிரித்தார். அந்த வசந்தகாலத்தில் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

தாள்களை எடுத்துக்கொண்டு மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த துணை ஆணையர் மரியாதை தெரிந்தவர். காபி கொடுத்து உபசரித்தார்.

"இந்த நாட்டுல யார் வேணும்னாலும் ஜனாதிபதி ஆகலாம், மிஸ்டர் ஸ்டட்ஸ்மன். அதுதான் நம்ம பெருமை. ஆனா யார் வேணும்னாலும்ங்கறது ரொம்பப் பெரிய கூட்டம். அதை ரெண்டா குறைச்சுக் குடுக்கறது எங்க வேலை."

"அந்த ரெண்டு பேரும் எத்தனை கையெழுத்துக் குடுத்தாங்க?"

"அவங்க எதுக்குக் குடுக்கணும்? அவங்கதான் சீட்டுல இருக்காங்களே."

"எப்படி வந்தாங்க?"

"போன தடவை இருந்தாங்க."

வெர்லின் இதைக் காபி முடியும்வரை யோசித்தார். ஆணையர் சிவப்புப் பேனாவை எடுத்தார். செல்லப்பெயரில் போட்டவர்கள் போனார்கள். எழுத்து புரியாதவர்கள் போனார்கள். ஒரு பள்ளி ஆசிரியையின் கையெழுத்து அச்சடித்ததுபோல் புரிந்தது, கையெழுத்து அப்படி இருக்காது என்று அதுவும் போயிற்று. எங்கள் போதகர் தன் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'கர்த்தர் ஆசீர்வதிப்பாராக' என்று எழுதியிருந்தார்.

"ஓரத்துல யாரும் வரக் கூடாது" என்று அடித்தார் ஆணையர்.

"கர்த்தரா?"

"யாருமே, சார். எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

இவ்வளவு அடித்தும் கையெழுத்துகள் மிஞ்சின. ஆணையர் மறுபடி எண்ணிப் பார்த்தார். பிறகு முகம் வாடி, வாழ்த்துகள் என்றார்.

கோடையில் பொது நன்மைக் கட்சியின் தேசிய மாநாடு ஒரு பெரிய நகர ஓட்டலில் நடந்தது. கட்சித் தலைவர் பிரெஸ்டன் வேல், ஒழுக்கவியல் பேராசிரியர், தொடக்க உரை ஆற்றினார். "ரெண்டு பெரிய கட்சியும் தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டு நாட்டை மறந்துட்டாங்க. நாம அப்படி இல்ல" என்றார். அதன்பின் கொடியின் நிறம் பற்றி விவாதம் தொடங்கியது. பச்சைக்காரர்கள் ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள், அதாவது வெள்ளைக் கொடி கேட்டவர்கள், எதிர் அறையில் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறமே வேண்டாம் என்றவர்கள் லிஃப்டுக்கு முன்னால் மூன்றாவது மாநாடு கூட்டினார்கள். யார் பெயரை மாநிலங்களுக்கு அனுப்புவது என்று ஓட்டெடுக்க மதியச் சாப்பாட்டை ஒத்திவைக்கலாமா என்பதற்கு ஓட்டெடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மாநிலத்தில் பெயர் மாற்றுவதற்கான கெடு முடிந்தது.

வேல் தொலைபேசியில் வெர்லினை அழைத்தார்.

"வாழ்த்துகள், மிஸ்டர் ஸ்டட்ஸ்மன். உங்க மாநிலத்துல நீங்கதான் நம்ம வேட்பாளர்."

"நான் கோட்டு, சார்."

"என்னது?"

"நிஜ ஆள் எப்ப வருவார்?"

"நாம ஜெயிக்கறதுக்காக நிக்கல. நாம யாருன்னு காட்டறதுக்காக நிக்கறோம்."

"நாம யாரு?"

"அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். நேரமாயிருச்சு."

வெர்லின் அன்று ஜெபம் செய்தார். கோட்டை எடுக்க யாரும் வரவில்லை என்றால் கோட்டு என்ன செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. இத்தனை பேர் அவரை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர் ஜெயிக்கப்போவதில்லை, அது அவருக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும். ஆனால் சீட்டில் மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர். பள்ளி திறந்ததும் ஹாட்டியிடமும் சொன்னார்.

"தண்ணி இருக்கும்மா. நவம்பர்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குப் பிறகு வீட்டுக்கு வக்கீல்கள் வர ஆரம்பித்தார்கள். நாட்டில் இரண்டு பெரிய கட்சிகள் உண்டு, முதல் கட்சி, இரண்டாம் கட்சி. எது முதல் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் தேர்தல். ஒரு கட்சி நெட்டை வக்கீலை அனுப்பியது. இன்னொன்று குட்டை வக்கீலை அனுப்பியது.

"நீங்க நிக்கறது ஜனநாயகத்துக்குத் துரோகம்" என்றார் நெட்டை. "எங்க ஓட்டைப் பிரிக்கறீங்க. நாட்டை அவங்க கையில குடுக்கறீங்க. வழக்குப் போடுவோம்."

மறுநாள் குட்டை வக்கீல் பெரிய சாக்லேட் கேக்கோடு வந்தார். "நீங்க நிக்கறது ஜனநாயகத்தோட உயிர் மூச்சு. ஒரு எளிய மனுஷன்! யாராவது தடுத்தா எங்ககிட்டச் சொல்லுங்க."

இரண்டு வாரத்தில் புதிய கருத்துக்கணிப்பு வந்தது. வெர்லின் பிரிப்பது நெட்டையின் ஓட்டை அல்ல, குட்டையின் ஓட்டையாம். அந்த வாரம் குட்டை வக்கீல் வந்து துரோகம் என்றார். நெட்டை வக்கீல் உயிர் மூச்சு என்றார், கேக்கோடு.

"இதைவிட முதல்ல வந்த கேக்தான் மெத்துனு இருந்துச்சு" என்றாள் லவோன். "இவங்க நம்மளை இன்னும் கொஞ்சம் மதிக்கணும்."

வேட்பாளர்கள் விவாதம் நடத்தும் வாரியத்திலிருந்து ஒரு அம்மையார் பேசினார். மூன்றாவது வேட்பாளர்களை வாரியம் மனமார வரவேற்பதாகச் சொன்னார். மேடையேற ஒரே நிபந்தனை, கருத்துக்கணிப்பில் போதிய ஆதரவு இருக்க வேண்டும்.

"கருத்துக்கணிப்புல என் பேரையே கேக்கறதில்லையேம்மா."

"விவாதத்துல இல்லாதவங்க பேரை எப்படிக் கேப்பாங்க?"

"விவாதத்துல எப்படி வர்றது?"

"கருத்துக்கணிப்புல வந்து." அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நாங்க முழுக்க முழுக்க நடுநிலையான அமைப்பு, சார். எங்க வாரியத்துல பாதிப் பேர் முதல் கட்சி, பாதிப் பேர் இரண்டாம் கட்சி. இதைவிட நடுநிலை உலகத்துல இருக்க முடியுமா? வேணும்னா பார்வையாளர் பகுதியில உங்களுக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கறேன்."

வெர்லின் நன்றி சொல்லி மறுத்தார். அன்று பள்ளிக் கால்பந்து ஆட்டம். வெளியூருக்கு அணியை அவர்தான் ஏற்றிப் போக வேண்டும்.

அக்டோபரில் பேராசிரியர் வேல் நேரிலேயே எங்கள் ஊருக்கு வந்தார். வெர்லினின் சமையலறை மேசையில் டுவைனும் உட்கார்ந்திருந்தார். லவோன் கேக் வைத்தாள். டுவைன் அதைத் தொடவில்லை.

"ஒரு புரிதல் ஏற்பட்டிருக்கு" என்றார் வேல். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று, தன் கொள்கை விளக்கத்தில் பொது நன்மை என்ற சொல்லை ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. பதிலுக்கு வெர்லின் பெயர் சீட்டிலிருந்து விலக வேண்டும். "இது நம்ம இயக்கத்தோட மாபெரும் வெற்றி. நாம இல்லாம போறது மூலமா நம்ம கருத்து வாழப் போகுது."

"எந்தக் கட்சி, சார்?"

"அது இந்த வாரம் சொல்ல முடியாது."

வெர்லின் கைகளைக் கோத்துக்கொண்டார். "சார், நான் வீடு வீடா போய்ச் சொல்லிட்டேன். ஒரு சின்னப் பொண்ணுக்குச் சத்தியம் பண்ணிட்டேன். நானா என் பேரை எடுக்க முடியாது."

"நீங்க வெறும் கோட்டுன்னு சொன்னாங்களே?"

வெர்லின் டுவைனைப் பார்த்தார். டுவைன் மேசைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருப்பதுபோல் குனிந்திருந்தார்.

"நீ என்ன சொல்றே, டுவைன்?"

"பெரிய விஷயம்டா இதெல்லாம். உனக்குப் புரியாது" என்றார் டுவைன். அவர் நிமிரவில்லை.

அடுத்த வாரம் வழக்கு வந்தது. வழக்குப் போட்டது நெட்டையா குட்டையா என்பது முக்கியமல்ல, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெர்லின் தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, லவோனையும் கூட்டிக்கொண்டு நீதிமன்றம் போயிருந்தார். ஒரே சாட்சியைக் கூப்பிட்டார்கள்.

டுவைன் கெப்லர் புதிய சாம்பல் நிறக் கோட்டில் வந்தார். வேதாகமத்தின் மேல் இடது கையை வைத்து வலது கையைத் தூக்கினார்.

"மிஸ்டர் கெப்லர், நீங்க வாங்கின தாள்ல ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடறதை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஒண்ணைக்கூடவா?"

"தாளை வச்சுட்டுப் போயிருவேன். அப்புறமா வந்து எடுத்துக்குவேன்."

வெர்லின் டுவைனின் முகத்தைப் பார்க்கவில்லை. வேதாகமத்தில் பதிந்திருந்த கையைப் பார்த்தார். அந்தக் கைதான் மழையில் ஆட்டுக்குட்டியின் காலைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் லவோன் எழுந்தாள். வெர்லின் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

நீதிபதி வெர்லினிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"அவர் பார்த்தார், ஐயா. ஒவ்வொண்ணையும் பார்த்தார். நான் பக்கத்துல நின்னேன்."

"நீங்க வேட்பாளர். உங்க சாட்சி ஒருதலைப்பட்சமானது."

"அப்ப யார் சொன்னா செல்லும், ஐயா?"

"உங்க தரப்புல இல்லாதவங்க."

"அவங்களைத்தான் ஐயா இப்பக் கேட்டீங்க."

நீதிபதி கனிவோடு கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ஸ்டட்ஸ்மன், நீங்க நல்ல மனுஷன்னு பார்த்தாலே தெரியுது. இந்த நீதிமன்றத்தோட கவலை வாக்காளர்களைப் பத்தினது. மூணு பேரைப் பார்த்தா அவங்க குழம்பிப் போவாங்க. தேர்ந்தெடுக்கற கஷ்டத்துலேருந்து மக்களைக் காப்பாத்தறதும் தேர்தலோட நோக்கம்தான்." சீட்டுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்ததால், வெர்லின் ஸ்டட்ஸ்மன் என்ற பெயரின் மேல் கறுப்புப் பட்டை அடிக்க உத்தரவிட்டார்.

வெளியே படிக்கட்டில் டுவைன் நின்றார். தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கோட்டுதானேடா" என்றார் கடைசியில். "எடுத்துட்டாங்க. அவ்வளவுதானே."

"கோட்டை எடுக்கறது தப்பில்ல, டுவைன்" என்றார் வெர்லின். "ஆனா உட்கார யாரும் வரலியே."

டுவைனுக்கு என்ன கிடைத்தது என்று ஊர் பல மாதிரி பேசியது. உண்மை சிறியது. அந்தப் பெரிய கட்சியின் தலைவர் பேசும் பொதுக்கூட்டத்தில், தொலைக்காட்சியில் தெரிகிற மாதிரி, மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஆணியும் திருகும் விற்ற மனிதருக்கு அது போதுமாக இருந்தது. அவர் போனார், சாம்பல் கோட்டில். கூட்டம் தொடங்குகிற நேரத்தில் காதில் கருவி மாட்டிய ஒரு இளம்பெண் வந்து, புன்னகையோடு, "இடம் பிடிச்சு வச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றி, சார்" என்று சொல்லி எழுப்பினாள். நாற்காலியில் ஒரு பணக்காரர் உட்கார்ந்தார். டுவைன் வாகன நிறுத்துமிடத்தில் நின்று ஒலிபெருக்கியில் உரையைக் கேட்டார். பொது நன்மை என்ற சொல் வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அப்பம் சுட்டுப் பரிமாறும் காலை விருந்து. டுவைன் தட்டோடு திரும்பினார். கூடம் நிறைய நாற்காலிகள், எல்லாவற்றின் முதுகிலும் கோட்டு. கணப்புப் பக்கத்து நாற்காலியில்கூட யாரோ ஒருத்தியின் மழைக்கோட்டு தொங்கியது. எங்கள் ஊர் மக்கள் நல்லவர்கள், யாரையும் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டுவைன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், தன் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் அப்படியே.

வெர்லின் அன்று சமையலறைப் பக்கம் அப்பம் திருப்பிக்கொண்டிருந்தார். பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையில் கரண்டியோடு அப்படியே நின்றதில் ஒரு அப்பம் கருகியது.

வீட்டில் லவோன் பிக்கப் வண்டியைத் துடைத்தபோது இருக்கைக்குப் பின்னாலிருந்து பழுப்புக் கோட்டு வந்தது.

"இதைக் கோர்ட்டுல காட்டியிருக்கணும்! மோந்து பாரு. அந்தத் தொழுவமே இதுக்குள்ள இருக்கு. இந்தா, கோட்டுக் கையில வைக்கோல் வேற. தாளை வச்சுட்டுப் போனவனுக்கு எப்படிடா ஒட்டும் வைக்கோல்னு கேட்டிருக்கணும்." அவள் கண் கலங்கியிருந்தது. "எரிச்சுடு."

"வேண்டாம்."

"அப்ப போதகர்கிட்டக் குடு. ஊருக்கே தெரியட்டும்."

"இப்பவே ஊருக்கே தெரியும், லவோன்" என்றார் வெர்லின். கோட்டை வாங்கி மாடிப்படிக்கு அடியில் மாட்டினார்.

அவருக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது. ஜெபம் செய்ய மண்டியிட்டால் முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது என்று நிறுத்திவிட்டார்.

பேருந்தில் ஹாட்டி கேட்டாள். "அம்மா சொன்னாங்க, உங்க பேர்மேல கறுப்பு மை பூசிட்டாங்களாமே?"

"ஆமாம்மா."

"அப்ப தண்ணி?"

வெர்லின் பேருந்தை ஓரமாக நிறுத்தித் திரும்பினார். "நான் சொன்ன சொல்லைக் காப்பாத்த முடியலம்மா. என்னை மன்னிச்சுடு" என்றார். மறுநாளிலிருந்து அவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்க் குடுவையும் காகிதக் கோப்பைகளும் இருந்தன. ஏறுகிற பிள்ளைகளில் யார் கேட்டாலும் கொடுத்தார். பள்ளி நிர்வாகம் அதற்கு அனுமதி உண்டா என்று விசாரித்தது. அந்தக் கதை தனி.

தேர்தல் நாளன்று பள்ளி விடுமுறை. அன்று மாலை தேவாலயத்தில் கோழி நூடுல்ஸ் விருந்து, எந்தக் கட்சி ஜெயித்தாலும் அது மட்டும் மாறாது. நாற்காலி போடுவது எப்போதும் வெர்லினின் வேலை. காலையில் தீயணைப்பு நிலையத்தில் முதல் ஆளாக ஓட்டுப் போடப் போனார். சீட்டில் இரண்டு பெயர்கள். அவற்றுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. அதன்மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மை விரலில் ஒட்டவில்லை, நன்றாகவே அடித்திருந்தார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அவருக்கும் அந்தத் திரைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அங்கிருந்து தேவாலயத்துக்குப் போனார். சமையல்காரப் பெண்கள் இன்னும் வரவில்லை. கீழ்த்தளக் கூடம் குளிர்ந்து கிடந்தது. விளக்கைப் போடாமல், உயரத்து ஜன்னல்களில் வந்த சாம்பல் வெளிச்சத்திலேயே மேசைகளை விரித்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முடித்தார். பிறகு வண்டிக்குப் போய்ப் பழுப்புக் கோட்டை எடுத்துவந்தார்.

முந்தின நாள் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்திருந்தார். வாசனை போய்விட்டது. கணப்புக்குப் பக்கத்து நாற்காலியின் முதுகில் அதை மாட்டினார். ஒரு தோள் சரிந்தது, நேராக்கினார். அந்தக் கோட்டு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கோட்டு. அதை எடுக்க உரிமையுள்ளவர் ஒருவர்தான்.

கோட்டுக் கையின் மடிப்புக்குள் இன்னும் ஒரு வைக்கோல் துணுக்கு சிக்கிக்கொண்டிருந்தது. துவைத்தும் போகாதது. வெர்லின் அதை நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தார். கணப்பின் கதவைத் திறந்து உள்ளே போட்டார்.

பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, பெண்கள் வருவதற்கு முன்பே, வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினார்.